நீ நிற்கிற விதம்

அன்புள்ள சுதாகருக்கு,

தீவனக் கடையை நான் விற்கவில்லை. நீ அனுப்பிவைத்த ஆள் போன புதன்கிழமை வந்தார். இடத்தை அளந்தார், மாடிக்கு ஏறிப் பார்த்தார், விலை சொன்னார். நான் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சொன்ன விலையில் குறை ஒன்றும் இல்லை. செங்கம் ரோட்டில் அதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கடையை முடித்துக்கொண்டு மெல்போர்னுக்கு வந்து உன்னோடு இருந்துவிடுவதாக நான் தலையாட்டியதும் உண்மைதான். அன்று ராத்திரி நீ போனில் கத்தினாய். "படம் போடறதுக்காகக் கடைய வுட மாட்டேன்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்கப்பா" என்றாய். சிரிக்கட்டும். எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது. வியாபாரம் பேசியே பழகிய வாய், நாலு வார்த்தையில் முடித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே. உட்கார்ந்து படி.

மாடியை வாடகைக்கு விடச் சொன்னதே நீதான். அம்மா போன பிறகு மேலே யாரும் ஏறுவதில்லை, சும்மா பூட்டிக் கிடப்பானேன் என்றாய். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருகிற ஹேமா என்கிற பெண் வந்து, சனிக்கிழமை காலை மட்டும் வேண்டும் என்று கேட்டாள். நம் தெருவில் மாடி கேட்டு வருகிறவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் உட்காரத்தான் கேட்பார்கள். இவர்களும் அப்படித்தான் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்தேன். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறினால், எல்லோரும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரமத்துக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள் சிலர், கல்லூரிப் பிள்ளைகள், தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் ஒருத்தர், கவர்மென்ட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தர். நடுவில் ஜிம் வைத்திருக்கிற ஒரு ஆள் பந்து எறியப்போகிற மாதிரி கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். அவரைப் பார்த்து எல்லோரும் கரித்துண்டால் சரசரவென்று தாளில் இழுக்கிறார்கள். போனில் மணி அடிக்கிறது. உடனே அவர் வேறு மாதிரி நிற்கிறார், இவர்கள் தாளைத் தள்ளிவிட்டு அடுத்த தாளை எடுக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு படம். எனக்கு வயிறு எரிந்தது. அத்தனையும் நல்ல தாள்.

"ஏம்மா, கண்ணு மூக்கு ஒண்ணுமே இல்லியே? முடிக்கறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிடறீங்களே?" என்று கேட்டேன்.

"ஆளை வரையலைங்க ஐயா. ஆளு என்ன பண்றாருன்றத வரையறோம்" என்றாள். ஜெஸ்சர் டிராயிங் என்று பெயர் சொன்னாள். மூக்கும் முழியும் அச்சாக வரைந்தாலும் உருவம் செத்த மாதிரி இருக்குமாம். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, கனம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை முதலில் பிடித்துவிட்டால் நாலு கோட்டிலேயே உயிர் வந்துவிடுமாம். அதற்குத்தான் இந்த அவசரம், யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்றாள். வாடகை ஒழுங்காக வருகிறவரைக்கும் எனக்கென்ன என்று இறங்கி வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அந்த ஜிம்காரர் வரவில்லை. ஹேமா கடைக்கு இறங்கி வந்தாள். "ஐயா, கொஞ்ச நேரம் மேல வந்து நிக்கிறீங்களா?"

"நின்னு?"

"நின்னா போதும்."

"நிக்கறதுக்கு நான் எதுக்கும்மா? தோ, வாசல்ல மாடு நிக்குது பாரு, ஓட்டிக்கினு போ" என்றேன்.

தவிடு அளந்துகொண்டிருந்த ஏழுமலை விடவில்லை. நீ ஊரில் இருந்தபோதே நம்மிடம் சேர்ந்தவன், வாய் இன்னும் குறையவில்லை. "போங்க மொதலாளி. கீழ நின்னாலும் நிக்கறதுதான், மேல நின்னாலும் நிக்கறதுதான். நீங்க இல்லாட்டி வியாபாரம் கொஞ்சம் ஜாஸ்தியா ஆவும்" என்றான்.

போய் நின்றேன். கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, நேராக. ஹேமா சிரித்துவிட்டாள். "ஐயா, ஆதார் கார்டுக்கு நிக்கிற மாதிரி நிக்காதீங்க. கடைல என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க." சரி என்று குனிந்து, மூட்டை தூக்குகிற மாதிரி காற்றைத் தூக்கினேன். அதுவும் சரியில்லையாம். கையில் கனம் இல்லாமல் தூக்கினால் உடம்பு பொய் சொல்கிறதாம். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. சரக்கு இல்லாமல் விலை பேசுகிறவனைப் பார்த்து நானும் இதைத்தானே சொல்வேன். கீழே குரல் கொடுத்தேன். ஏழுமலை கடலைப் புண்ணாக்கு மூட்டையைத் தோளில் போட்டு ஏறி வந்து, மூச்சு வாங்க, "தாளுல போடறதுக்கா மூட்ட? ஆளுக்குத்தான் கனம், படத்துக்குமா கனம்?" என்று கேட்டான். "அதேதாண்ணா, படத்துக்கும் கனம் வேணும்" என்றாள் ஹேமா. மூட்டையை நிமிர்த்தினேன், சாய்த்தேன், முதுகில் ஏற்றினேன், இறக்கினேன். கரித்துண்டுச் சத்தம் மட்டும் கேட்டது. என்னை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருக்கும்.

முடிந்ததும் தாள்களைத் தரையில் பரப்பினார்கள். சுதாகர், கண்ணாடியில் முகத்தைத்தான் பார்க்கிறோம். நம் முதுகை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. என் இடது தோள் இறங்கியிருக்கிறது. நிற்கும்போது ஒரு காலைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற காலில் நிற்கிறேன். எல்லாப் படத்திலும் அது இருந்தது, பேசி வைத்த மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. இடையில் தண்ணீர் குடிக்க மூட்டைமேல் கொஞ்சம் உட்கார்ந்தேன். அது வரைவதற்காக உட்கார்ந்தது இல்லை. நர்ஸம்மா அதையும் வரைந்துவிட்டார். முகம் கிடையாது, கை ஒரு வளைவு, முதுகு ஒரு வளைவு, கழுத்து மட்டும் கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது. அது தண்ணீர் குடிக்கிற ஆள் இல்லை. யாரோ வரப்போகிறார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆள். நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஞாபகப்படுத்திப் பார்த்தாலும் அன்றைக்கு யாரும் வருவதாக இல்லை. "நான் இப்படியா உட்காந்திருந்தேன்?" என்று கேட்டேன். "எப்பவும் இப்படித்தான் உக்காருவீங்க சார், பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்" என்றார் அந்தம்மா, சாதாரணமாக.

அப்போது உன் அம்மா நினைவு வந்தது. கீழ்பென்னாத்தூரில் கயிறு பிடித்துக்கொண்டு மாட்டு வியாபாரம் செய்த நாளில், சந்தை முடிந்து வீட்டுக்கு வருவேன். நான் வாயைத் திறப்பதற்குள், "மாடு போவல, இல்ல? சரி, கைய கழுவுங்க" என்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பஸ்ஸ வுட்டு எறங்கறப்பவே தெரிஞ்சிதே. தோளப் பாத்தா தெரியாதா?" என்பாள். சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவோம். என் முகத்தைப் பார்த்து எந்த வியாபாரியும் ஒன்றும் கண்டுபிடித்ததில்லை. அவ்வளவு பழகிய முகம் இது. அவளோ என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தோளைத்தான் பார்த்தாள். அவள் போன பிறகு சமையல், துணி, மருந்து எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். காசு கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கிறது. நான் எப்படி நடந்து வருகிறேன் என்று பார்க்க மட்டும் ஆள் இல்லாமல் போய்விட்டது. அது குறைகிறது என்றுகூட எனக்கு அந்தத் தாளைப் பார்க்கிறவரைக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நான் நிற்கப் போகவில்லை, வரையப் போனேன். எனக்கு வரைய வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் நான் போடுகிற கை கருணைக்கிழங்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பார்க்க வரும் என்று நினைத்துப் போனேன். கடைக்கு வருகிறவனின் பாதம் தெருப்பக்கம் திரும்பிவிட்டால் அவன் வாங்கப்போவதில்லை, இன்னும் விலை கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி. அந்தக் கண் ஒன்றுதான் வியாபாரத்தில் நான் போட்ட முதல். ஆனால் தாளில் கை வைத்தவுடனே அந்தக் கண் எங்கேயோ போய்விடுகிறது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒன்று ஒன்றாகச் சரிபார்த்துப் போட்டுக்கொண்டு வருகிறேன். தபால் ஆபீஸ்காரர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தள்ளாடியபடி நின்றார். மணி அடித்தபோது என் தாளில் சட்டைக் காலரும் பட்டன்களும் இருந்தன. ஹேமா எட்டிப் பார்த்தாள். "ஐயா, சரக்கு வந்து எறங்கினா சரிபாக்கிற மாதிரி வரையறீங்க. அவரு விழப்போறாரு. நீங்க பட்டன எண்ணிக்கினு இருக்கீங்க."

அதற்கு மற்றவர்களோடு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. நீ வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று சென்னை ஏர்போர்ட்டில் நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஊறுகாய்ப் பை எதில் போயிற்று, பூட்டு சரியாக விழுந்ததா என்று. நிமிர்ந்தபோது நீ உள்ளே போய்விட்டாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ திரும்பிப் பார்த்துக் கை காட்டியதாக அம்மாதான் சொன்னாள். நீ போன நடை எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். எனக்குப் பெட்டிகள்தான் தெரியும்.

பழக வேண்டும் என்று ஹேமா சொன்னதால் பழகுகிறேன். முதலில் தலையிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே ஒரு கோடு, அது அந்த ஆள் வளைகிற வளைவு. பிறகு தோள் எப்படி, இடுப்பு எப்படி என்று இரண்டு சாய்வு. விரலால் வரையக் கூடாது, தோளிலிருந்து கையை வீச வேண்டும். அழிக்கக் கூடாது. தாளைப் பார்க்கிறதைவிட ஆளைப் பார்க்கிறது அதிகமாக இருக்க வேண்டும். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தே வரைகிறேன். பால்காரர் வண்டியை ஸ்டாண்ட் போடுகிறது, எதிர் கபேயிலிருந்து வருகிற வெள்ளைக்காரி புண்ணாக்கைக் கையில் எடுத்து மோந்து பார்த்து, இது மனிதர் சாப்பிடலாமா என்று கேட்கிறது, எல்லாம். பௌர்ணமி விடிந்தால் அடி அண்ணாமலையில் நம் தவிட்டு வாடிக்கைக்காரர் டீக்கடைக்குப் போய்விடுவேன். ராத்திரி மலை சுற்றக் கிளம்பியவர்கள் அங்கே வந்து சேருகிற நேரம் அது. காலும் இடுப்பும் ஓய்ந்துபோய், உடம்பு ஒன்றையும் மறைக்காமல் வரும். வரைய அதைவிட நல்ல நேரம் இல்லை.

போன பௌர்ணமிக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்தம்மா முன்னால், அவர் பத்தடி பின்னால். நான் வரைவதை அந்தம்மா பார்த்துவிட்டு நேராக வந்தார். "இன்னா பெரியவரே, எங்களயே பாத்துக்கினு எழுதறீங்க? இன்னா கணக்கு?"

"கணக்கு இல்லம்மா, படம்."

தாளைப் பிடுங்காத குறையாகத் திருப்பினார். "தே, இங்க வந்து பாரேன். நம்மள வரைஞ்சிருக்காரு."

"இதுல நான் எது?" என்றார் அவர்.

"பின்னாடி நொண்டிக்கினு ஒண்ணு வருது பாரு, அதான்."

"நான் எங்கடி நொண்டறேன்?"

"ராஜகோபுரத்தாண்டலேருந்து நொண்டிக்கினுதான் வர்றே. கேட்டா மட்டும் இல்லன்னுவே. இந்தப் பெரியவரு கண்ணுலயே பட்டுடுச்சி, இப்பவாவது உக்காரு." அவரைப் பெஞ்சில் அழுத்தி உட்காரவைத்து இரண்டு டீ சொன்னார். எனக்கும் ஒன்று சொன்னார். பத்தடி முன்னால் போகிறவர், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காதவர், எப்படித்தான் பார்த்தாரோ. அதைத்தான் உனக்கும் சொல்ல வந்தேன். உன் மனைவி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் கையிலிருக்கிறதைக் கீழே வை. அவள் பையை எப்படி இறக்குகிறாள் என்று மட்டும் பார். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிற வேலை பாதி குறையும். இதை நான் செய்து பார்த்துச் சொல்லவில்லை. எனக்குச் செய்ய ஒருத்தி இருந்தாள் என்பதை வைத்துச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடையை வாங்க வருகிற ஆள் தேதி சொன்ன வாரத்தில், ஒருநாள் மத்தியானம் கடையில் ஈ ஆடவில்லை. ஏழுமலை சாப்பிடப் போயிருந்தான். சும்மா உன்னை வரையலாம் என்று தாளை எடுத்தேன். தலையிலிருந்து குதிகாலுக்கு ஒரு கோடு. கோடு வரவில்லை. நீ எந்தப் பக்கம் சாய்வாய்? மறுபடி வரைந்தேன். பள்ளிக்கூடப் பையோடு கல்லா முன்னால் காசுக்கு நிற்பாயே, ஒரு காலால் மறுகால் கெண்டையைத் தேய்த்துக்கொண்டு, அது வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அது சின்னப் பையன். உனக்கு மீசையில் நரை வந்துவிட்டது. மூன்றாவது தாளில் ஒரு பெரிய ஆள் வந்தான், இடது தோள் இறங்கி, ஒரு காலைக் காப்பாற்றிக்கொண்டு. அது நான். தாள்கள் தீர்கிறவரைக்கும் போட்டுப் பார்த்தேன். உன்னை மட்டும் போட முடியவில்லை. அம்மா காரியத்துக்கு நீ வந்திருந்தபோது ஐயர் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்தாய். அதற்குப் பிறகு உன்னைப் போனில்தான் பார்க்கிறேன். நெற்றியும் கண்ணாடியும், பின்னால் கொஞ்சம் சுவரும். தினம் பார்க்கிறேன், உன் மூக்கில் எந்த இடத்தில் மச்சம் என்று சொல்வேன். ஆனால் நீ ஒரு கூட்டத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது. அன்றைக்கு மத்தியானம் கடையில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். பெற்ற பிள்ளை எப்படி நிற்பான் என்று தெரியாத ஆளாகிவிட்டேன்.

அப்படியென்றால் உடனே கிளம்பி அங்கே வந்துவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன். அங்கே வந்தால் காலையில் நீங்கள் இரண்டு பேரும் போய்விடுவீர்கள். நான் உன் வீட்டுச் சோபாவில் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அந்தப் படத்தை நர்ஸம்மா இங்கேயே போட்டுவிட்டார், அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. இங்கேயும் தனியாகத்தான் இருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டால் காலை வரைக்கும் என் குரலை நானே கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை படியேறிப் போனால், "என்னா ஐயா, வலது முட்டி இன்னிக்கு ஜாஸ்தியா வலிக்குதா?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் சொல்லாமலே கேட்கிறார்கள். நீ அனுப்பிய ஆள் இடத்தைப் பார்த்துவிட்டு, "மேல இருக்கற கூட்டத்த காலி பண்ணிக் குடுத்துடுங்க, மீதி நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர்தான். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் பாதத்தைக் குனிந்து பார்த்தேன். அது மாடிப்படிப் பக்கம் திரும்பியிருந்தது. வியாபாரம் முடிந்துவிட்டது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடி கூப்பிட்டாய். கோபம் குறைந்திருந்தது, ஆனால் சலிப்பு இருந்தது. "சரி வுடுங்க. உங்களுக்கு என்னதான்பா வேணும்?" என்றாய்.

"உன் காலு" என்றேன்.

"என்னது?"

"காலு, முதுகு, தோளு. மூஞ்சி போதும்டா. அம்மா போனதுலேருந்து மூஞ்சியத்தான பாத்துக்கினு இருக்கேன்."

நீ போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு எழுந்து, பின்னால் நகர்ந்து போனாய். சமையலறை தெரிந்தது. நீ தெரிந்தாய், முழுசாக. கை இரண்டையும் தொடையோடு ஒட்டி, நேராக, ஆதார் கார்டுக்கு நிற்கிற மாதிரி நின்றாய். "இப்படியாப்பா?" என்றாய். ஒழுங்காக நில்லுடா என்று திட்டினேன். பிறகு நாம் இரண்டு பேரும் பேரம் பேசினோம். நீ நன்றாகத்தான் பேசினாய், என் பிள்ளை என்று தெரிந்தது. பேசி முடித்ததை எழுத்தில் போட்டுவிடுவது என் வழக்கம், அதனால் போடுகிறேன்.

தீவன வியாபாரத்தைத் தை பிறந்ததும் ஏழுமலை பேருக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். கடைக்கு அவன் எனக்கு வாடகை தருவான், மூட்டை தூக்குவது இனி என் வேலை இல்லை. மாடி சனிக்கிழமைக்காரர்களுக்கே. கட்டிடம் விலைக்கு இல்லை. மாடிப்படியை நானாக ஏற முடியாமல் போகிற நாள் வந்தால் நீ வந்து எதைச் செய்தாலும் குறுக்கே பேசமாட்டேன், கூட்டிப்போகிற இடத்துக்கு வருகிறேன். முட்டியை டாக்டரிடம் இந்த மாதமே காட்டுகிறேன். உன் பக்கத்தில், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, நீ சமைக்க ஆரம்பித்ததிலிருந்து சாப்பிட்டு எழுகிற வரைக்கும், போனைத் தள்ளி வைக்க வேண்டும், தலையிலிருந்து பாதம் வரைக்கும் தெரிகிற மாதிரி. நான் இங்கே உட்கார்ந்து உன்னை வரைவேன், என்னிடம் பேச வேண்டியதில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. நீ அரை மணி நேரம் என்று ஆரம்பித்தாய், நான் சமையல் முழுசும் என்றேன், சரி என்றாய்.

இப்படிக்கு,
அப்பா